கூட்டணுமா, கழிக்கணுமா? சார்புத் திசைவேகக் கணக்கில் ஒரு சந்தேகம்

ஒரு வாசகரின் கேள்வி – ஜூலை 3, இரவு 8.15

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கில் இரண்டு திசைவேகத்தையும் கூட்டச் சொல்கிறார்கள். மழையில் குடை பிடிக்கும் கணக்கில் கழிக்கச் சொல்கிறார்கள். இரண்டுமே சார்புத் திசைவேகம்தானாம். எதில் கூட்டல், எதில் கழித்தல் என்று மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா? கழித்தல் என்றதும் அவன் 5-இல் 3 போனால் 2 என்று எழுதிவிடுகிறான்.

ஜூலை 3, இரவு 9.50

மனப்பாடம் வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒரே கணக்கு. இரண்டிலும் இருப்பது கூட்டல் மட்டும்தான். சார்புத் திசைவேகம் என்றால் ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது. திசைவேகத்தை ஒரு அம்பாக வரையலாம். மழைக் கணக்கில் வருகிற கழித்தல் என்பது ஒரு அம்பைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கூட்டுவது. அந்தத் திருப்பல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் பையனுக்கு வாழ்நாள் முழுக்க இந்தச் சந்தேகம் வராது.

முதலில் பஸ். கடலூரிலிருந்து பாண்டி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். பஸ் வடக்கே மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறது. ரெட்டிச்சாவடி பக்கம் எதிரே ஒரு பஸ் தெற்கே 40-இல் வருகிறது. அது எப்படிக் கடந்து போகிறது? விருட்டென்று, 90-இல். இதுவே நம் பஸ்ஸுக்கு முன்னால் 40-இல் ஒரு லாரி வடக்கே போனால் அது மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்ந்து வரும், 10-இல். இரண்டுக்கும் செய்தது ஒரே வேலை. நம் பஸ்ஸின் வேகத்தைத் திருப்பித் தெற்கு நோக்கிய 50 ஆக்கி, எதிரே இருப்பதன் வேகத்தோடு கூட்டினோம். தெற்கு 40-உடன் தெற்கு 50 சேர்ந்தால் தெற்கு 90. வடக்கு 40-உடன் தெற்கு 50 சேர்ந்தால் தெற்கு 10.

ஏன் திருப்பினோம்? பஸ்ஸுக்குள் இருப்பவனுக்குப் பஸ் நிற்கிறது. புளியமரமும் கடையும் சாலையும்தான் 50-இல் தெற்கே ஓடுகின்றன. சாலையே ஓடுகிறது என்றால் சாலைமேல் இருக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஓட்டம் ஒட்டிக்கொள்ளும்.

ஜூலை 4, காலை 6.30

நேற்று எழுதியதில் எழுதும் முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் பிள்ளைகளை இப்படி எழுத வைக்கிறேன்:

படகு/கரை = படகு/நீர் + நீர்/கரை

சாய்கோட்டை ‘பொறுத்து’ என்று படிக்க வேண்டும். படகு/நீர் என்றால் நீரைப் பொறுத்துப் படகின் திசைவேகம். நடுவில் இரண்டு முறை வரும் ‘நீர்’ அடிபட்டுப்போய், இரண்டு முனையும் மிஞ்சும். சங்கிலி மாதிரி. இப்போது மழை:

மழை/சைக்கிள் = மழை/தரை + தரை/சைக்கிள்

கணக்கில் நமக்குக் கொடுப்பது சைக்கிள்/தரை. சங்கிலிக்கு வேண்டியது தரை/சைக்கிள். பெயர் இடம் மாறினால் அம்பு திரும்பும். கழித்தல் குறி பிறக்கும் இடம் இது ஒன்றுதான். படகுக் கணக்கில் கொடுத்த இரண்டும் ஏற்கெனவே சங்கிலியில் சரியாகப் பொருந்துவதால் திருப்ப வேண்டிய அவசியம் வரவில்லை.

நான் படித்தபோது ஆசிரியர் ‘படகுன்னா கூட்டு, மழைன்னா கழி’ என்றார். பொதுத்தேர்வில் படகுக் கணக்கையே தலைகீழாக மாற்றி, கரையைப் பொறுத்த வேகத்தைக் கொடுத்து நீரைப் பொறுத்த வேகத்தைக் கேட்டிருந்தார்கள். கூட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அன்றிலிருந்து எனக்கு இந்தப் பாடத்தின்மேல் தனிப் பிடிப்பு.

ஜூலை 4, இரவு 10.20

‘இரண்டு திசைவேகமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வரும்போது எப்படி’ என்று வாசகர் கேட்டிருக்கிறார். எங்கள் கடலூர் உப்பனாற்றையே வைத்துப் பார்க்கலாம்.

சின்ன வயதில் முதுநகரிலிருந்து அக்கரைக்குப் படகில் போவோம். துடுப்புப் போடும் தாத்தா ஒருபோதும் எதிர்ப் படித்துறையைப் பார்த்துப் படகைத் திருப்ப மாட்டார். படித்துறைக்குச் சற்று மேலே, தண்ணீர் வரும் பக்கமாக ஒரு கம்பமோ வலை காயும் இடமோ பார்த்துப் படகின் மூக்கைப் பிடிப்பார். ‘அங்கதான போவணும், ஏன் தாத்தா இங்க பிடிக்கிற?’ என்று கேட்டால், ‘நான் இங்க பிடிச்சா தண்ணி அங்க கொண்டு விடும்டா’ என்பார். நடுவில் கண்ணைக் கரைமேல் வைத்திருந்தால் தெரியும்: படகின் மூக்கு ஒரு பக்கம் பார்க்கிறது, படகு இன்னொரு பக்கம் நகர்கிறது. நண்டு மாதிரி. மூக்கு காட்டுவது படகு/நீர். நகர்வது படகு/கரை. இரண்டு வேறு அம்புகள் என்பதை நான் கண்ணால் பார்த்தது அந்தப் பலகைமேல் உட்கார்ந்துதான்.

எண் போடலாம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. அகலம் 200 மீட்டர். நிலைத்த நீரில் படகு நொடிக்கு 2 மீட்டர். ஓட்டம் நொடிக்கு 1 மீட்டர்.

மூக்கை நேர் எதிரே பிடித்தால்: குறுக்கே 2, ஓட்டத்தோடு 1. இரண்டும் செங்குத்து, ஆகவே கரையைப் பொறுத்த வேகம் √5, சுமார் 2.24. இங்கேதான் பிள்ளைகள் 200-ஐ 2.24-ஆல் வகுக்கிறார்கள். தப்பு. குறுக்கே போகும் வேலையைச் செய்வது அந்த 2 மட்டும். நேரம் 100 நொடி. அதற்குள் ஓட்டம் 100 மீட்டர் கீழே தள்ளியிருக்கும்.

எதிர்ப் படித்துறையிலேயே இறங்க வேண்டுமென்றால்: மூக்கை மேலே சாய்த்து, 2-இன் ஒரு கூறு அந்த 1-ஐச் சரியாக அடித்துவிட வேண்டும். சாய்வின் சைன் 1/2, ஆகவே 30 டிகிரி. குறுக்கே மிஞ்சுவது √3, அதாவது 1.73. நேரம் 115 நொடிக்குச் சற்று மேல்.

சீக்கிரம் போக வேண்டுமா, நேராகப் போக வேண்டுமா என்பதை வினாவில் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஓட்டம் 2-ஐ எட்டிவிட்டால், எவ்வளவு சாய்த்தாலும் எதிர்ப் படித்துறையில் நேராகப் போய் நிற்க முடியாது.

ஜூலை 5, மதியம் 1.05

மேலே உள்ளதில் ஒன்றை நேர்செய்ய வேண்டும். உப்பனாற்றில் ஓட்டம் எப்போதும் ஒரே பக்கம் இல்லை. முகத்துவாரத்துக்குப் பக்கம் என்பதால் ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். தாத்தா சில நாள் இந்தப் பக்கம் சாய்ப்பார், சில நாள் அந்தப் பக்கம். ‘மேலே’ என்று நான் எழுதியது அன்றைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்.

இன்னொன்று: நிஜத்தில் நடு ஆற்றில் ஓட்டம் வேகம், ஓரத்தில் மெதுவு. ஒரே கோணத்தில் மூக்கைப் பிடித்தால் நேர்கோட்டில் போக முடியாது. அவர் நடுவில் அதிகம் சாய்த்து, கரை நெருங்க நெருங்க நிமிர்த்துவார். பாடக் கணக்கு ஓட்டம் எங்கும் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்துக்கு அது போதும்.

ஜூலை 6, இரவு 9.00

சாயங்காலம் இடி மழை. மழைக் கணக்குக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

காற்றில்லாமல் மழை செங்குத்தாக நொடிக்கு 9 மீட்டரில் இறங்குகிறது. சைக்கிளில் 5 மீட்டரில் (மணிக்கு 18 கிலோமீட்டர்) கிழக்கே போகிறீர்கள். தரை/சைக்கிள் மேற்கு நோக்கி 5. மழையின் கீழ்நோக்கிய 9-இன் நுனியில் இந்த 5-இன் வாலை வைத்துக் கோட்டை முடித்தால், மழை முன்னாலிருந்து சாய்வாக வருவது படத்திலேயே தெரியும். டான் 5/9, சுமார் 29 டிகிரி. குடையைச் செங்குத்திலிருந்து அவ்வளவு முன்னால் சாய்க்க வேண்டும். நனைக்கும் வேகமும் 9 இல்லை, 10.3.

பைக்கில் 15 மீட்டரில் (மணிக்கு 54) போனால் 59 டிகிரி. மழை கிட்டத்தட்ட முகத்துக்கு நேராக வருகிறது. ஹெல்மெட் கண்ணாடியில் ஊசி மாதிரி குத்துவது அதனால்தான். பஸ் ஜன்னல் கண்ணாடியில் மழைக்கோடுகள் சாய்ந்து ஓடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சாய்வை அளந்தால் பஸ்ஸின் வேகத்தையே சொல்லிவிடலாம்.

ஜூலை 7, காலை 7.10

கடைசி இரண்டு வரி தவறு. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. கண்ணாடியில் ஓடும் கோடு மழையின் பாதை கிடையாது. துளி கண்ணாடியில் பட்டதும் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அதை எடை கீழே இழுக்கிறது, பஸ்ஸை உரசிப் போகும் காற்று பின்னால் தள்ளுகிறது. அந்தக் கோடு இந்த இழுபறியின் பாதை. அதன் சாய்விலிருந்து பஸ் வேகத்தைக் கணக்கிட்டால் கண்டபடி விடை வரும். பார்க்க வேண்டியது கண்ணாடிக்கு அப்பால் காற்றில் இறங்கும் மழையை. இரவில் தெருவிளக்கைத் தாண்டும்போது அந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்: பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நெட்டுக்குத்தாக, கிளம்பக் கிளம்பச் சாய்ந்துகொண்டே.

நேற்றிரவு படித்துவிட்டு யாராவது பிள்ளைக்குச் சொல்லியிருந்தால் தயவுசெய்து மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

ஜூலை 7, காலை 7.25

9 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெரிய மழைத்துளி காற்றின் தடையோடு சமநிலைக்கு வந்து இறங்கும் வேகம் ஏறத்தாழ அவ்வளவுதான். 2 மில்லிமீட்டர் துளி என்றால் 6.5 பக்கம். சில பாடக் கணக்குகளில் மழை நொடிக்கு 35 மீட்டரில் விழும். விடை போட அது தடையில்லை, ஆனால் பிள்ளை மனதில் அந்த எண் தங்கிவிடக் கூடாது.

ஜூலை 9, இரவு 9.30

நேற்று ஒரு மாணவி ‘காற்று மேற்கு, நொடிக்கு 4 மீட்டர்’ என்ற கணக்குக்கு அம்பை மேற்கு நோக்கிப் போட்டாள். அவள்மேல் குற்றமே இல்லை. காற்றுக்கு நாம் பெயர் வைப்பது அது வரும் திசையைக் கொண்டு. வாடை வடக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து. இப்போது அடித்துக்கொண்டிருக்கும் கச்சான் மேற்கிலிருந்து. கச்சானுக்கு அம்பு கிழக்கு நோக்கி. கடல் நீரோட்டத்தைப் பற்றி அறிக்கைகளில் எழுதும்போது அது போகும் திசையைச் சொல்கிறார்கள். காற்றும் ஓட்டமும் ஒரே கணக்கில் வந்தால் முதலில் இதைக் கேட்டுத் தெளிந்துகொண்டுதான் பென்சிலை எடுக்க வேண்டும்.

அவள் அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். ‘படகுக் கொடி எப்படி ஆடும்னு பாத்திருக்கியா’ என்று கேட்டேன். பார்த்திருக்கிறாள், ஆனால் கொடி காட்டுவது காற்றின் திசையைத்தான் என்று நினைத்திருந்தாள். துறைமுகத்தில் கட்டிப்போட்ட படகில் அது சரி. ஓடும் படகில் கொடி காட்டுவது காற்று/படகு.

கச்சான் 4 மீட்டர், படகு வடக்கே 4 மீட்டர். காற்றின் கிழக்கு 4-உடன் திருப்பிய படகின் தெற்கு 4 சேர்ந்தால், கொடி தென்கிழக்காகப் பறக்கும். படகில் இருப்பவருக்குக் காற்று வடமேற்கிலிருந்து 5.66-இல் வீசுகிறது. படகை அப்படியே கிழக்கே திருப்பி அதே 4-இல் கடலுக்குள் ஓட்டினால்? கிழக்கு 4, மேற்கு 4. ஒன்றுமில்லை. கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கிவிடும். எஞ்சின் புகை பின்னால் போகாமல் தலைக்கு மேலேயே நின்று கண்ணைக் கரிக்கும். இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ‘ஆமா சார், அப்பா அதுக்குத் திட்டுவாரு, இன்னிக்கு காத்தே இல்லன்னு.’ காற்று இருந்தது. படகைப் பொறுத்துத்தான் இல்லை.

ஜூலை 10, இரவு 8.40

கொடி என்றதும் நினைவுக்கு வந்தது. ஜேம்ஸ் பிராட்லி என்ற ஆங்கில வானியலாளர் தேம்ஸ் ஆற்றில் படகில் போனபோது, படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் கொடிமரத்தின் காற்றுக்காட்டி திசை மாறுவதைப் பார்த்துத்தான் விண்மீன் புதிருக்கு விடை கண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1728-இல் அவர் கண்ட விடை உறுதியானது. அது நம் குடைக் கணக்கேதான். விண்மீன் ஒளி மழை, பூமி சைக்கிள். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், பூமி சூரியனைச் சுற்றும் வேகம் 30. டான் 1/10,000. கோணம் ஏறத்தாழ 20.5 விநாடி, ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் வரும் விநாடி இது. தொலைநோக்கியை அவ்வளவு முன்னால் சாய்க்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பூமி எதிர்த்திசையில் போகும்போது சாய்வும் எதிர்ப்பக்கம். பூமி நகர்கிறது என்பதற்கு நேரடிச் சான்றாக நின்றது இந்தச் சின்னக் கோணம்.

பாண்டிக்காரர்களுக்கு ஒன்று. லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் 1761-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் அன்றைக்கு நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். வானம் தெளிவு, வெள்ளியும் தெரிந்தது, ஆனால் ஆடி நகரும் கப்பலிலிருந்து எடுத்த அளவு எதற்கும் பயன்படவில்லை. அளப்பவன் நிற்கும் இடம் தெரியாவிட்டால் கண்ணால் பார்த்தும் பயனில்லை. மறுபடி 1769-இல் பாண்டிச்சேரியிலேயே நிலையம் கட்டிக் காத்திருந்தார். அன்றைக்கு மேகம் மூடிக்கொண்டது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும்.

ஜூலை 11, காலை 6.15

ஒளியின் வேகம் வந்ததும் ஒருவர் கேட்டுவிட்டார்: ஓடும் பஸ்ஸிலிருந்து டார்ச் அடித்தால் ஒளி வேகத்தோடு பஸ் வேகத்தைக் கூட்டலாமா? கூடாது. 1905-இல் ஐன்ஸ்டைன் காட்டிய இடம் அது. ஒளியின் வேகத்தில் 0.6 பங்கில் எதிரெதிரே வரும் இரண்டின் சார்பு வேகம் 1.2 ஆகாது, 0.88 பங்குதான். படகு, பஸ், புயல் வேகங்களில் அந்தத் திருத்தம் எந்த அளவியிலும் தெரியாத அளவுக்குச் சிறியது. பிளஸ் ஒன் முடியும்வரை இந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஜூலை 12, இரவு 10.10

புயல் என்று எழுதிவிட்டு ‘தானே’ புயல் நினைவுக்கு வராமல் இருக்குமா. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கு மிக அருகில் கரையைக் கடந்தது. எங்கள் கொல்லையில் இரண்டு தென்னை போயிற்று. பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பிறகு போய்ப் பார்த்தோம்.

நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அது மேற்கே நகர்ந்து வந்தால், மையத்துக்கு வடக்கே சுற்றுக்காற்றும் மேற்கு நோக்கி, நகர்வும் மேற்கு நோக்கி. சேர்ந்துகொள்ளும். தெற்கே சுற்றுக்காற்று கிழக்கு நோக்கி, நகர்வு மேற்கு நோக்கி. கொஞ்சம் அடிபடும். காற்று/தரை = காற்று/புயல் + புயல்/தரை. சுற்று மணிக்கு 120 கிலோமீட்டர், நகர்வு 15 என்று வைத்தால் வடக்கே 135, தெற்கே 105. நிஜப் புயலில் தரை உராய்வும் மற்றதும் சேர்ந்து இவ்வளவு சுத்தமாக வராது, ஆனாலும் மையத்துக்கு வடக்கே உள்ள ஊருக்குக் கடலிலிருந்து பலமாகவும், தெற்கே உள்ள ஊருக்குத் தரையிலிருந்தும் காற்று அடிப்பது இதனால்தான். 2024 நவம்பர் 30 இரவு பாண்டி அருகே கடந்த ஃபெஞ்சல் பல மணி நேரம் நகராமலே நின்றது. புயல்/தரை கிட்டத்தட்ட சுழி. அப்படி நின்றதால்தான் மழை ஒரே இடத்தில் கொட்டித் தீர்த்தது.

ஜூலை 13, இரவு 9.15

இந்தப் பாடத்தில் எனக்கு உயிரான பகுதியை இன்னும் எழுதவில்லை.

தேவனாம்பட்டினத்தில் என் மாமா ஒருவர் கடல்தொழில். ஒருமுறை அவரோடு போயிருந்தபோது தூரத்தில் சரக்குக் கப்பல் தெரிந்தது. மாமா என்னைப் படகுக் கம்பத்துக்குப் பின்னால் உட்காரவைத்து, ‘மாப்ள, தலைய ஆட்டாம பாரு. கப்பல் கம்பத்த விட்டு இப்படியோ அப்படியோ நகருதா?’ என்றார். நகரவில்லை. கம்பத்தில் ஒட்டவைத்த மாதிரியே நின்று, பெரிதாகிக்கொண்டே வந்தது. மாமா உடனே எஞ்சினைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் கப்பல் கம்பத்தைவிட்டு முன்பக்கமாக விலக ஆரம்பித்தது. ‘இப்ப சரி’ என்றார். கப்பல் நிற்கிறதா ஓடுகிறதா, எவ்வளவு வேகம், எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நகராமல் பெரிதானால் மோதும். அவ்வளவுதான்.

இதை வெக்டரில், அதாவது நம் அம்புக் கணக்கில், பாருங்கள். படகு வடக்கே நொடிக்கு 3 மீட்டர். கப்பல் மேற்கே 4. இப்போது கப்பல் இருப்பது படகிலிருந்து கிழக்கே 400, வடக்கே 300 மீட்டரில். படகை நிறுத்திவிடுங்கள், அதாவது அதன் வேகத்தைத் திருப்பிக் கப்பலோடு கூட்டுங்கள். கப்பல்/படகு மேற்கே 4, தெற்கே 3. அளவு 5. கப்பல் இருக்கும் தொலைவு 500 மீட்டர், அது வரும் திசை சரியாக நம்மை நோக்கி. 100 நொடியில் மோதல். நம்பாவிட்டால் தரையில் நின்று சரிபாருங்கள்: 100 நொடியில் படகு 300 மீட்டர் வடக்கே, கப்பல் 400 மீட்டர் மேற்கே நகர்ந்து அதே புள்ளியில்.

இரண்டும் நகரும்போது மூளை குழம்பும். ஒன்றை நிறுத்திவிட்டால் மற்றது ஒரே நேர்கோட்டில் வரும். அந்தக் கோடு நம்மேல் விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

மகனுக்கு ஒன்று தருகிறேன். எல்லாம் அப்படியே, கப்பல் மட்டும் கிழக்கே 400, வடக்கே 200. மோதுமா? இல்லையென்றால் எவ்வளவு நெருக்கத்தில் போகும்? கிராப் தாளில் கோடு போட்டே செய்யலாம்.

ஜூலை 15, இரவு 8.50

படம் அனுப்பியிருக்கிறான். கோடு சரி, விடையும் சரி: 80 மீட்டர். நேரம் 88 நொடி. அம்பின் வாலை நுனியில் வைக்காமல் நடுவில் வைத்து ஒரு முறை அழித்திருக்கிறான், அந்த அழித்த தடம் தெரிகிறது. எனக்கு அது மிகவும் பிடித்தது.

கப்பல் படகுக்கு முன்னால் போகுமா பின்னால் போகுமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறான். நான் கேட்காத கேள்வி. பின்னால்தான். கப்பல் படகின் பாதையை வந்து தொட 100 நொடி ஆகும். அதற்குள் படகு 300 மீட்டர் போயிருக்கும், கப்பல் வெட்டுவது 200-ஆவது மீட்டரில். பின்னால் 100 மீட்டரில் கடந்து போகிறது. அப்படியென்றால் நெருக்கம் 100 தானே, 80 எப்படி என்று அடுத்துக் கேட்பான். பாதையை வெட்டும் நொடி வேறு, மிக நெருங்கும் நொடி வேறு. 88-ஆவது நொடியில் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: கப்பல் படகிலிருந்து கிழக்கே 48, தெற்கே 64.